காரைக்குடி வெயிலில் முதல் ஜாடி கொம்புச்சா: கிட் வாங்குவது முதல் பாட்டில் திறப்பது வரை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் தம்பியிடம் சொல்லி, வீட்டிலேயே பீர் காய்ச்சும் கிட் ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, வீட்டுக்குள் நான் மட்டும்தான் குடிக்கிறேன் என்று சொல்வதெல்லாம் எடுபடாது. 2024-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியிருக்கிறார்கள். பீருக்கு வேண்டிய மால்ட் சாறு, ஹாப்ஸ், ஈஸ்ட் மூன்றும் இணையத்தில் தனித்தனியாகக் கிடைக்கின்றன என்பதால் அவற்றைச் சேர்த்து நொதிக்க வைக்க அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

நொதிக்க வைத்து, பாட்டிலில் அடைத்து, மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று நுரைக்கும் ஒன்றைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கொம்புச்சா இருக்கிறது. இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். இதற்கும் கிட் கிடைக்கிறது. காய்ச்சுவது, ஆறவைப்பது, நொதிக்க விடுவது, அடைப்பது என்று வேலைமுறையும் ஏறக்குறைய அதேதான்.

சிக்கல் கிட்டோடு வரும் தாளில் இருக்கிறது. '7 முதல் 14 நாள்' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். குளிர்ந்த நாட்டு அடுப்படிக்கு அந்தக் கணக்குச் சரி. சித்திரையில் 38, 39 டிகிரி தொடும் நம் ஊரில் 14 நாள் விட்டால் கிடைப்பது வினிகர். கிட் விற்பவர்களிடம் கேட்டால் அதே தாளைத்தான் திரும்பவும் படிக்கிறார்கள். இங்கே நாட்காட்டி உதவாது, புளிப்பை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்து எழுதியது.

1. எப்போது தொடங்குவது

ஐப்பசி முதல் மாசி வரை. கொம்புச்சாவுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 30 டிகிரி செல்சியஸ். மழை தொடங்கியதும் நம் வீடுகள் தாமாகவே அந்த அளவுக்கு வந்துவிடும். கைப்பழக்கம் வந்தபின் ஆனி, ஆடியில் செய்யலாம். அக்கினி நட்சத்திரத்தில் முதல் ஜாடி வைக்காதீர்கள். 35 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் துள்ளும், சுவை கெடும், எது சரி எது தவறு என்று புதியவருக்குப் பிடிபடாது.

வீட்டில் அறுபதாம் கல்யாணம், சாந்தி என்று ஏதாவது வருகிறதா? அதற்குப் பரிமாறலாம் என்று கணக்குப் போட்டு முதல் ஜாடி வைக்க வேண்டாம். தேதிக்குள் பதம் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

2. கிட் வாங்குவது

கிட்டில் நான்கு பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஸ்கோபி, அதோடு குறைந்தது 200 மி.லி. தொடக்க நீர் (முன்பே புளித்த கொம்புச்சா), வாய் மூடும் துணி, புளிப்பை அளக்கும் பி.எச். தாள் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஸ்கோபி என்பது வெளிர்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருக்கும் தட்டு. பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ்தான் அது. எல்லோரும் அதைத்தான் வியந்து பார்க்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது தொடக்க நீர். புதுத் தேநீரை முதல் நாளிலேயே புளிப்பாக்கி, கெட்ட கிருமிகளையும் பூஞ்சையையும் தடுப்பது அதுதான். தட்டைப் பெரிதாகப் படம்பிடித்துக் காட்டிவிட்டு, நீரை இரண்டு கரண்டி மட்டும் அனுப்பும் விற்பனையாளர்கள் உண்டு. அவர்களிடம் வாங்காதீர்கள். உலரவைத்த ஸ்கோபியும் வேண்டாம். அது உயிர்பெற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

பணம் கட்டும் முன் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அடைத்த தேதி, தொடக்க நீரின் அளவு, வழியில் கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா என்பது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் காணொளி எடுங்கள். மாற்றித் தரச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

எந்தக் கிழமையில் அனுப்பச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வெள்ளிக்கிழமை கிளம்பும் பார்சல், ஞாயிறு முழுவதும் திருச்சியிலோ மதுரையிலோ ஏதாவது கிடங்கில் தகரக் கூரைக்கடியில் கிடக்கும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் இருப்பவர்கள் காரைக்குடிக் கூரியர் அலுவலகத்திலேயே போய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும்.

செலவு ஏறத்தாழ இப்படி ஆகும்: கிட் 600 முதல் 1,200 ரூபாய். 3 லிட்டர் கண்ணாடி ஜாடி 300 முதல் 500. கிட்டில் வரும் பி.எச். தாள் பெரும்பாலும் 1 முதல் 14 வரை காட்டும் முரட்டுத் தாளாக இருக்கும். 3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது. 0 முதல் 6 வரை மட்டும் காட்டும் தாளைத் தனியாக வாங்குங்கள், 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தேயிலை, சர்க்கரைச் செலவெல்லாம் சேர்ந்து ஒரு ஜாடிக்கு 30 ரூபாய் தாண்டாது.

3. ஜாடி: வீட்டில் இருப்பதை எடுக்காதீர்கள்

செட்டிநாட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) ஓர் அறையைத் திறந்தால் பித்தளை, செம்பு, பீங்கான், எனாமல் என்று வரிசையாக இருக்கும். அங்கேதான் ஆபத்து. கொம்புச்சாவின் புளிப்பு உலோகத்தைத் தின்னும். பித்தளையும் செம்பும் அலுமினியமும் கூடவே கூடாது. ஈயம் பூசியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பித்தளையில் ஊற்ற வேண்டாம். ஓரம் பெயர்ந்த எனாமலும் வேண்டாம்.

பீங்கான் ஜாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து வந்தது, சீனாவிலிருந்து வந்தது என்று அப்பத்தா காலத்து ஊறுகாய் ஜாடிகள் பல வீடுகளில் இருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். பார்க்க அழகு. ஆனால் பழைய பீங்கான் மெருகில் காரீயம் இருக்கலாம். பல நாள் புளிப்பு நீர் நின்றால் அது பானத்தில் இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஊறுகாய் போட்டு இத்தனை வருடம் சாப்பிட்டோமே என்ற வாதம் எழும். காரீயம் உடனே காட்டிக் கொடுக்காது, உடம்பில் மெல்லச் சேரும். ஜாடியை முகப்பில் அலங்காரமாக வையுங்கள்.

புதிய, அகலவாய்க் கண்ணாடி ஜாடி போதும். தேநீர் காய்ச்ச எவர்சில்வர் பாத்திரம் பயன்படுத்தலாம். அடியில் குழாய் வைத்த ஜாடி வாங்கினால், குழாய் உலோகமாக இருக்கக் கூடாது.

4. வைக்கும் இடம்

பழைய வீடு உங்களுக்கு வாய்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள உள்ளறை, வெளியே கொளுத்தும்போதும் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறையில், வெயில் நேரே விழாத மூலையில், ஆத்தங்குடித் தரைமீது வைக்கலாம். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள புது வீட்டு அறையில் இருப்பவர்கள், அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஜாடியை நிறுத்தி, ஜாடியின் வயிற்றைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். சில டிகிரி குறையும். எறும்பும் ஏறாது. வாய்த் துணி மட்டும் நனையக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குத் திறக்கும் அறைகளைத் தவிர்த்துவிடுங்கள். பூட்டிக் கிடந்த தூசியில் பூஞ்சை விதை நிறைய இருக்கும். அரிசி மூட்டை, வற்றல் பானை, பழுக்க வைத்த மாம்பழம் இருக்கும் இடமும் ஆகாது. சாம்பிராணிப் புகை எட்டாத இடமாகவும் பாருங்கள்.

5. தேநீர்

2 லிட்டர் அளவுக்கு: தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டர், வெள்ளைச் சர்க்கரை 140 கிராம், எதுவும் கலக்காத கறுப்புத் தேயிலை 10 கிராம், தொடக்க நீர் கால் லிட்டர். கிட்டில் 200 மி.லி.தான் வந்தது என்றால் தண்ணீரை ஒன்றரை லிட்டருக்கும் சர்க்கரையை 120 கிராமுக்கும் தேயிலையை 8 கிராமுக்கும் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து, தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டஸ்ட் தேயிலை. அது சீக்கிரம் கசப்பிறங்கும், ஐந்து நிமிடம் போதும், மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள்.

ஏலக்காய்த் தேயிலை, மசாலாத் தேயிலை, வாசனை எண்ணெய் ஏற்றிய தேயிலை எதுவும் வேண்டாம். கருப்பட்டி சேர்த்தால் உடம்புக்கு நல்லதாயிற்றே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றையும் முதல் ஜாடியில் தொடாதீர்கள். கருப்பட்டியில் நிறம் கறுத்துப்போய் மேலே என்ன வளர்கிறது என்றே தெரியாது. தேனில் வேறு நுண்ணுயிர்கள் இருக்கும். சர்க்கரை அதிகம் என்று குறைக்கவும் வேண்டாம், அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களுக்கான தீனி.

பிறகு ஆறவிடுங்கள். முழுவதுமாக. சூடாக இருக்கும்போதே ஊற்றினால் ஸ்கோபி செத்துவிடும், அதுவும் ஒரு வாரம் கழித்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். பாத்திரத்தின் அடியைக் கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது. மாலையில் காய்ச்சி மூடி வைத்து, காலையில் ஜாடியில் ஊற்றுவது நல்ல பழக்கம்.

கையை வெறும் சோப்பால் கழுவி, சோப்பு வாடை போகும்வரை அலசுங்கள். கிருமிநாசினிச் சோப்பு கூடாது. ஜாடியையும் கழுவி, கொஞ்சம் வெள்ளை வினிகர் விட்டுச் சுழற்றி ஊற்றிவிடுங்கள். தேநீர், தொடக்க நீர், ஸ்கோபி என்ற வரிசையில் ஜாடிக்குள் போக வேண்டும். இப்போது பி.எச். பாருங்கள்: 4.5-க்கு மேல் இருந்தால் தொடங்காதீர்கள், வீட்டில் வெள்ளை வினிகர் இருந்தால் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்து அதற்குக் கீழே கொண்டு வாருங்கள். தேநீர் நிறம் தாளில் ஏறிக்கொள்ளும் என்பதால் நனைத்தவுடனே படிக்க வேண்டும்.

வாயை நெருக்கமாக நெய்த துணியால் மூடி ரப்பர் பட்டை போடுங்கள். பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு போதும். கொசுவலையும் சல்லாத் துணியும் பழ ஈக்குத் திறந்த கதவு. மூடி போட்டு இறுக்காதீர்கள். ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்.

6. எத்தனை நாள்

முதல் மூன்று நாள் ஜாடியைத் தொடாதீர்கள். ஆட்டிப் பார்ப்பதும் தூக்கிக் காட்டுவதும் மேலே உருவாகும் புதுத் தோலைக் கலைக்கும்.

நான்காம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை, சுத்தமான ஸ்டிராவை ஸ்கோபிக்கு அருகில் நுழைத்து ஒரு வாய் அளவு எடுத்து, பி.எச். பார்த்து, ருசியுங்கள். ருசித்த ஸ்டிரா திரும்ப ஜாடிக்குள் போகக் கூடாது. பி.எச். 3.5-க்குக் கீழே வந்து, நாக்கில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும்போது எடுத்துவிடலாம். 2.5-ஐ நெருங்கினால் குடிக்க முடியாத புளிப்பு. கார்த்திகை, மார்கழியில் இதற்கு ஏழெட்டு நாள் பிடிக்கலாம். பங்குனியில் ஐந்தாம் நாளே ஆகிவிடும். இட்லி மாவு மார்கழியில் மெல்லப் பொங்குவதும் சித்திரையில் விடியுமுன் வழிவதும் நமக்குத் தெரிந்ததுதான், இதுவும் அதே கணக்கு.

அளவு தாண்டிவிட்டால் கொட்ட வேண்டாம். அடுத்த ஜாடிக்கு அதைவிட நல்ல தொடக்க நீர் கிடையாது.

7. பயப்படுவதும் பயப்படாததும்

ஸ்கோபி மூழ்கலாம், சாய்ந்து நிற்கலாம், மேலே வரலாம். எல்லாம் சரி. பழுப்பு நூல்கள் தொங்கினால் அது ஈஸ்ட். மேற்பரப்பில் வெள்ளையாக, ஈரமாக, மழமழவென்று படர்ந்தால் அது புது ஸ்கோபி. எங்கள் ஆச்சி ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நீராகாரத்தைப் பல நாள் மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், பதற வேண்டாம்.

பதற வேண்டியது ஒன்றுக்குத்தான்: உலர்ந்து, பஞ்சு பஞ்சாக, பச்சை, கறுப்பு, சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் வட்டமாக முளைப்பது. அது பூஞ்சை. மேலே வழித்துவிட்டுக் கீழே உள்ளதைக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீர், ஸ்கோபி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, புது ஸ்கோபியோடு தொடங்குங்கள். 800 ரூபாய் போனால் போகிறது.

8. பாட்டிலில் அடைப்பது

அடைக்கும் முன் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நீரை எடுத்து ஸ்கோபியோடு தனியே வையுங்கள். இதை மறந்தால் அடுத்த ஜாடி கிடையாது.

ஆபத்தான கட்டம் இது. மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் தொடர்ந்து வாயு உண்டாக்கும், வாயு போக இடமில்லை. சர்பத் பாட்டில், ஸ்குவாஷ் பாட்டில், சதுரக் கண்ணாடிப் பாட்டில் எதுவும் இந்த அழுத்தத்துக்காகச் செய்தவை அல்ல, வெடிக்கும். கண்ணாடிச் சில் கண்ணில் பாய்ந்தால் கொம்புச்சாவா முக்கியம்? முதல் முறைக்குச் சோடா, குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் நல்லது. நன்றாகக் கழுவி, கழுத்தில் மூன்று விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். பாட்டிலை அமுக்கினாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கல்லாக இறுகிவிட்டால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சுவைக்கு அரை லிட்டருக்கு நாலைந்து மெல்லிய இஞ்சித் துண்டும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் போதும். நன்னாரி வேரைத் தட்டிப் போட்டால் மணம் பிரமாதம். ஆனால் கடை நன்னாரி சர்பத்தை ஊற்றாதீர்கள், அதில் சர்க்கரை மிக அதிகம், வாயுவும் அதற்கேற்ப அதிகமாகும். நாவல்பழம் கிடைக்கும் காலத்தில் இரண்டு பழத்தை நசுக்கிப் போட்டுப் பாருங்கள், நிறத்துக்காகவே செய்யலாம். மாம்பழக் கூழ் வேண்டாம், திறக்கும்போது கூரைவரை அடிக்கும்.

தாளில் 'மூன்று முதல் ஏழு நாள் வெளியே வைக்கவும்' என்றிருக்கும். இங்கே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். பிறகு ஓர் இரவு முழுக்கக் குளிரவைத்து, முற்றத்தில் நின்று, முகத்துக்கு எதிரே பிடிக்காமல், மூடிமேல் துணி போட்டு மெதுவாகத் திறங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று பகல் முழுக்கப் பெட்டி சூடேறினால் உள்ளே தூங்கிய ஈஸ்ட் எழுந்துவிடும். முந்தைய இரவே எல்லா மூடிகளையும் ஒரு முறை தளர்த்தி வாயுவை விட்டு இறுக்குங்கள்.

9. யாருக்குக் கொடுக்கக் கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, சர்க்கரை முழுவதும் தீர்ந்துபோவதில்லை. நீங்களும் முதல் நாள் 100 மி.லி.யோடு நிறுத்துங்கள்.

இதில் சிறிதளவு ஆல்கஹால் இருக்கிறது. வெயிலில் அதிகம் வைத்த பாட்டிலில் அது கூடும். ஆகவே விரதமிருப்பவர், மாலை போட்டவர், மதுவை அறவே தொடாதவர் யாராக இருந்தாலும் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். குடித்து முடித்தபின் சொன்னால் உறவே கெடும்.

10. விற்கலாமா

இரண்டு பாட்டில் நன்றாக வந்ததும் பலகாரக் கடைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். வீட்டிலிருந்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் (FSSAI) பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, பொருள் விவரம் கேட்பார்கள். சிறு உற்பத்தியாளர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம். இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், தேவையில்லை.

ஆனால் கட்டணம் குறைவு என்று துணிந்துவிடாதீர்கள். ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். அப்போது கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன சட்டத்துக்குள் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு ஜாடியிலும் அளவு மாறும், நாக்கால் அதை அறிய முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்காமல் ஒரு பாட்டிலைக்கூடக் காசுக்குக் கொடுக்காதீர்கள்.

11. ஊருக்குப் போகும்போது

எடுத்து வைத்த ஸ்கோபியும் தொடக்க நீரும் அன்றே அடுத்த தேநீருக்குள் போகலாம். உடனே செய்யவில்லை என்றால் கண்ணாடி ஜாடியில் துணி கட்டி அறையிலேயே வையுங்கள், குளிர்பதனப் பெட்டியில் வேண்டாம். குளிரில் பாக்டீரியா சோர்ந்துபோய், அடுத்த முறை பூஞ்சை வெல்லும். சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ ஒரு மாதம் போகிறீர்கள் என்றால், புறப்படும் நாளில் ஆறிய இனிப்புத் தேநீர் அரை லிட்டர் அதில் ஊற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது மேல் நீர் கடும் புளிப்பாக இருக்கும், குடிக்க ஆகாது, தொடக்க நீராகப் பயன்படும். நீர் மட்டம் இறங்கி ஸ்கோபியின் மேற்பக்கம் காய்ந்திருக்கிறதா, அதில் பஞ்சு முளைத்திருக்கிறதா என்று மட்டும் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.